அல் அயினில் எட்டிய குரல் தவாத்மியில் எட்டாமற் போனதேன்?

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் அயின் நகரிலுள்ள நீதிமன்றம் ஒன்று, அதற்கு முந்திய மாதத்தில்தான் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண் ஒருத்தியின் தண்டனையை ஓராண்டுச் சிறையாகவும் நூறு கசையடிகளாகவும் குறைத்தது. அவள் பெயர் சாரா பலபாகன். தன்னைப் பலாத்காரம் செய்த எசமானனைக் கத்தியாற் குத்திக் கொன்றாள் என்பது வழக்கு. மிண்டனாவோத் தீவின் வறிய முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்த அவளுக்கு, சம்பவம் நிகழ்ந்த 1994 ஆம் ஆண்டில் பதினாறு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. கடவுச்சீட்டிலோ அவளது வயது பல ஆண்டுகள் கூட்டி எழுதப்பட்டிருந்தது. கசையடிகள் நிறைவேற்றப்பட்டன, சிறைவாசமும் கழிந்தது. 1996 ஓகஸ்ட் மாதத்தில் அவள் உயிரோடு மணிலா விமான நிலையத்தில் வந்திறங்கினாள்.

2013 ஜனவரி 9 ஆம் திகதி சவூதி அரேபியாவின் தவாத்மி நகரில் ரிசானா நபீக்கின் தலை வாளால் வெட்டப்பட்டது. திருகோணமலை மாவட்டத்து மூதூரில், ஷாபி நகர் என்னும் குடியிருப்பைச் சேர்ந்தவள். விறகு வெட்டிப் பிழைத்த ஒரு தந்தையின் மூத்த மகள். 1988 பெப்ரவரியிற் பிறந்த அவளுக்கு 1982 இற் பிறந்ததாகக் கடவுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆழிப்பேரலை ஊரைப் புரட்டிப்போட்டுச் சில மாதங்களே கழிந்திருந்த 2005 மே மாதத் தொடக்கத்தில் அவள் சவூதியில் இறங்கினாள். வீட்டு வேலைக்கென்று அழைக்கப்பட்டவளின் கையில் நான்கு மாதக் குழந்தையொன்றும் ஒப்படைக்கப்பட்டது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் முடிவதற்குள், மே 22 ஆம் திகதி, புட்டிப்பால் ஊட்டும்போது அக்குழந்தை இறந்தது. புரைக்கேறியது என்றாள் அவள். கழுத்தை நெரித்தாள் என்றது வழக்கு.

இவ்விரு வழக்குகளும் எல்லா வகையிலும் ஒப்பிடத்தக்கன அல்ல என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். நாடுகள் வேறு, நீதிமன்ற நடைமுறைகள் வேறு. அல் அயினில், முதல் விசாரணையிலேயே பலாத்காரம் நிகழ்ந்ததாக நீதிமன்றம் ஏற்று நட்டஈடும் விதித்திருந்தது. பின்னர் கொலையுண்டவரின் குடும்பத்தினர், நாட்டின் அதிபர் ஷேக் சாயிதின் தலையீட்டின் பேரில், குருதிப்பணத்தை ஏற்றுக்கொள்ள இணங்கினர். 150,000 திர்ஹம்களான அந்தப் பணத்தைப் பிலிப்பைன்ஸ் வர்த்தகர் ஒருவர் செலுத்தினார். தவாத்மியிலோ குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அந்த உரிமை அந்நாட்டுச் சட்டத்தில் அவர்களிடமே இருந்தது. எந்த வலையமைப்பும் ஒரு தாயின் மனத்தை வென்றுவிடும் என்று உறுதி கூற முடியாது. எனினும் அந்தக் கதவை எப்போது தட்டினோம், யார் தட்டினார்கள், என்ன மொழியிற் தட்டினார்கள் என்ற வினாக்கள் எஞ்சி நிற்கின்றன.

சாராவின் உயிர் தப்பியதற்கு மூலகாரணம் அதே ஆண்டில் வேறொரு பெண் தூக்கிலிடப்பட்டதுதான். 1995 மார்ச் 17 ஆம் திகதி சிங்கப்பூரில் புளோர் கொன்தம்பிளாசியோன் என்னும் பிலிப்பைன்ஸ் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டாள். அவளது சவப்பெட்டி தாயகம் வந்தபோது மக்கள் வீதிகளில் திரண்டனர். வெளிநாட்டமைச்சர் பதவி துறந்தார். அந்த ஜூன் மாதத்திலேயே புலம்பெயர் தொழிலாளருக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வெளிநாடுகளில் வழக்குகளில் சிக்கும் தொழிலாளருக்குச் சட்டத்தரணி அமர்த்துவதற்காகப் பத்துக் கோடி பேசோ கொண்ட நிதியொன்றும் அச்சட்டத்தில் உண்டு. அல் அயினில் சாராவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட வேளையில் மணிலா அரசு தூங்க முடியாத நிலையில் இருந்தது. தூங்கவிடாதவர்கள் யார்?

ஒருநாட் கோபத்தில் திரண்ட கூட்டம் மட்டுமல்ல அது. ஹொங்கொங்கில் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள் தமது ஞாயிறு விடுமுறைகளில் தேவாலய முற்றங்களிலும் பூங்காக்களிலும் கூடி 1980 களிலேயே சங்கங்கள் அமைத்திருந்தனர். கிறிஸ்தவ திருச்சபைகள் அவர்களுக்கு அறைகளையும் தட்டச்சுப் பொறிகளையும் தந்தன. மணிலாவில் பெண்கள் அமைப்புகள் இருந்தன. ஐரோப்பிய நகரங்களில் வீட்டுவேலை செய்த உறவினர்கள் இருந்தனர். 1994 இல் இத்தகைய ஆசிய அமைப்புகள் பல ஒன்றிணைந்து உருவான ஆசியப் புலம்பெயர்ந்தோர் மன்றம் மணிலாவைத் தளமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது. ஆக, அல் அயினில் ஒரு சிறுமி கைதானபோது யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பதை அறிந்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

இதனை ஆராய்ந்த மார்கரெட் கெக், கத்ரின் சிக்கிங் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியைகள் 1998 இல் வெளியிட்ட நூலொன்றில், இத்தகைய வலையமைப்புகளின் இயக்கத்தைத் திரும்பிவரும் எறிகருவி ஒன்றுக்கு ஒப்பிட்டனர். அவர்கள் அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் கருவியை நினைத்து எழுதினர். நாம் மறவர் நாட்டு வளரியை நினைத்துக்கொள்ளலாம். உள்ளூரில் ஆட்சியாளரின் செவி அடைபட்டிருக்கும்போது, முறைப்பாட்டை எதிர்த்திசையில், வெளிநாட்டை நோக்கி வீசுகிறோம். அங்குள்ள அமைப்புகளும் நாடாளுமன்றங்களும் பத்திரிகைகளும் அதைத் திருப்பிவிடுகின்றன. அது சுற்றி வந்து அதே ஆட்சியாளரின் தலைக்குமேல் விழுகிறது. பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திய காலத்தில் இத்தகைய கோட்பாடுகளைக் கரும்பலகையில் அம்புக்குறிகளாக வரைவது எனக்கு எளிதாக இருந்தது. அம்புக்குறியின் ஒவ்வொரு முனையிலும் ஓர் ஆள் இரவு விழித்திருக்க வேண்டும் என்பதை அகதியான பின்புதான் கற்றேன்.

ரிசானாவின் வழக்கில் அந்த வளரி இரண்டு ஆண்டுகள் வீசப்படவேயில்லை.

2005 மே மாதத்தில் அவள் கைதானாள். காவல் நிலையத்தில் அவளுக்குச் சட்டத்தரணி இல்லை. அவளுக்குத் தெரிந்த மொழி தமிழ். அவளுடைய கூற்றைத் தமிழிலிருந்து அரபுக்கு மாற்றியவர் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்றும், இரு மொழிகளுக்கும் இடையே சரிவர மொழிபெயர்க்கும் திறன் அவருக்கு இருந்ததா என்பதே ஐயம் என்றும், பின்னர் அவர் நாட்டைவிட்டே போய்விட்டார் என்றும் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவுசெய்துள்ளது. அந்தக் கூற்றே குற்ற ஒப்புதல் வாக்குமூலமாயிற்று. பின்னர் அவள் அதை மறுத்தாள். மறுப்புக் காலங்கடந்து வந்தது. 2007 ஜூன் 16 ஆம் திகதி தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதன் பின்னரே உலகுக்கு அவளது பெயர் தெரியவந்தது.

மேன்முறையீட்டுக்கு முப்பது நாட்கள். றியாத்தில் சட்டத்தரணி நிறுவனமொன்றை அமர்த்த ஒன்றரை இலட்சம் சவூதி றியால் வேண்டும். இந்தக் கட்டணத்தைச் செலுத்த இலங்கை அரசு முன்வரவில்லை என்று ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு அப்போதே பகிரங்கமாகக் கூறியது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் புறப்படுமுன் வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவுக் கட்டணம் கட்டிவிட்டே போகிறாள் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். பணத்தை ஆணைக்குழுவே உலகெங்கும் வேண்டுகோள் விடுத்துத் திரட்டியது. காலக்கெடு முடியுமுன் மேன்முறையீடு பதிவாயிற்று. மூதூர்ப் பெண்ணொருத்தியின் உயிருக்காக, அவளை ஒருபோதும் கண்டிராத அந்நியர்கள் பணம் அனுப்பினார்கள். றியாத்தில் பணிபுரிந்த இலங்கைப் பெண் மருத்துவர் ஒருவர் சிறைக்குச் சென்று அவளைப் பார்த்தார். குடும்பத்துக்குச் செய்தி சொன்னார். தவாத்மிக்கும் வெளியுலகுக்கும் இடையே அந்த ஒற்றை இழைதான் நெடுங்காலம் இருந்தது.

அந்த மேன்முறையீடு அவளுக்கு ஐந்தரை ஆண்டு வாழ்வை ஈட்டித் தந்தது. வழக்கு மேலும் கீழுமாக அலைந்தது. 2010 ஒக்டோபர் 25 ஆம் திகதி உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச மன்னருக்குக் கடிதம் எழுதினார். தூதுக்குழுக்கள் போய் வந்தன. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தைச் சவூதி அரேபியா 1996 இலேயே ஏற்றிருந்தது. குற்றம் நிகழ்ந்ததாகக் கூறப்படும் வேளையில் பதினெட்டு வயது நிரம்பாதவரைக் கொல்லலாகாது என்பது அச்சமவாயத்தின் தெளிவான விதி. ஆனால் வழக்கு நடத்திய நீதிபதிகளின் முன்னிருந்தது 1982 என்று எழுதிய கடவுச்சீட்டு. அந்தப் பொய்யை எழுதியவர்கள் தவாத்மியில் அல்ல, இலங்கையில் இருந்தார்கள். தலை வெட்டப்பட்ட செய்தி வந்த அன்று இலங்கை நாடாளுமன்றம் ஒரு நிமிட மௌனம் அனுட்டித்தது.

இனி, நம்மைப் பற்றி.

உலகில் முறைப்பாடு எழுதும் கலையை எமது அகதிச் சமூகத்தைப்போற் பயின்ற சமூகங்கள் அதிகமில்லை. ஜெனிவாவில் மனித உரிமைக் கூட்டத்தொடர் எந்த மாதத்தில் வரும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரி எமது சங்கங்களின் அலுமாரிகளில் அடுக்கியிருக்கிறது. 2010 இன் இறுதியில், நான் வாழும் நகரத்தின் தமிழர் கூட்டமொன்றில் ரிசானாவுக்கான கையெழுத்துத் தாளொன்றைச் சுற்றுக்கு விட்டேன். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இருந்த மண்டபத்தில் பதினொரு கையெழுத்துகளோடு தாள் திரும்பி வந்தது. "அது அவர்களுடைய பிரச்சினை, மாஸ்டர். நாங்கள் தலையிட்டால் ஏன் என்று கேட்பார்கள்" என்றார் நான் பெரிதும் மதிக்கும் ஒருவர். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவருடைய தம்பி காணாமற்போனவர் பட்டியலில் இருக்கிறான்.

"அவர்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் 1990 இருக்கிறது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும், அதற்கு முன்னர் ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் சிந்திய இரத்தமும், பின்னர் 2006 இல் மூதூரே போர்க்களமாகி ஊர்மக்கள் குழந்தைகளோடு நடந்து வெளியேறியதும் இருக்கின்றன. இவற்றைப் பேசாமல் தாண்டிச் செல்லலாம் என்று நாம் எண்ணிய காலமெல்லாம் அந்தக் காவல் நிலையத்தில் அவள் பேசிய மொழி எங்களுடையதாகவே இருந்தது. தமிழில் அவள் சொன்னது என்னவென்று கேட்டிருக்கக்கூடிய பல இலட்சம் பேரில் ஒருவரும் அந்த அறையில் இல்லை.

வளைகுடாவுக்குள்ளேயே ஒரு குரல் எழாதது ஏன் என்று வாசகர் கேட்கக்கூடும். கபாலா என்னும் பொறுப்பாளர் முறையின் கீழ் தொழிலாளியின் விசா, வேலை தருபவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வீட்டைவிட்டு வெளியேறினால் "தப்பியோடியவள்" என்று முறைப்பாடு. அந்தக் கணமே முறையிட வந்தவள் குற்றவாளியாகிவிடுகிறாள். ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சவூதியிலும் தொழிற்சங்கம் அமைக்க இடமில்லை. அந்நாட்டவரே வாய்திறந்தாலும் விலை பெரிது. 1980 இல் தொடங்கப்பட்ட எமிரேட்ஸ் சட்டவல்லுநர் சங்கத்தின் நிர்வாகக் குழுவை 2011 இல் அரசு கலைத்தது. புலம்பெயர் தொழிலாளர் உட்படப் பலருடைய உரிமைகளைப் பற்றியும் எழுதிவந்த அகமட் மன்சூர் 2017 மார்ச்சில் கைதாகிப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2024 இல் நடந்த இன்னொரு கூட்டு வழக்கில் மேலும் பதினைந்தாண்டு விதிக்கப்பட்டது. அங்குள்ள நம்மவர்களின் நலன்புரிச் சங்கங்கள் பொங்கல் விழாவும் இரத்ததானமும் நடத்துவதோடு நின்றுகொள்வதை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். மரணித்தவரின் உடலை ஊருக்கு அனுப்பவும், தூதரகத் தங்குமிடங்களில் அடைந்து கிடக்கும் பெண்களுக்கு விமானச்சீட்டு எடுக்கவும் ஓசையின்றிப் பணம் சேர்ப்பவர்கள் அவர்களுள்ளும் இருக்கிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லிப் புகழ்வதே அவர்களுக்குத் தீங்காகிவிடும்.

வாசல்கள் முற்றாக மூடியிருக்கின்றன என்பதும் சரியன்று. குவைத்திலும் பஹ்ரெய்னிலும் தொழிற்சங்க சம்மேளனங்கள் உண்டு. 2009 மே மாதத்தில் இலங்கைத் தொழிற்சங்கங்கள் பஹ்ரெய்ன், குவைத், ஜோர்தான் நாடுகளின் சம்மேளனங்களோடு புலம்பெயர் தொழிலாளரின் பாதுகாப்புக் குறித்து உடன்படிக்கைகள் செய்துகொண்டன. அந்த மாதத்தில் எமது கண்கள் முள்ளிவாய்க்காலை விட்டு வேறெங்கும் திரும்பியிருக்க முடியாது. அச்செய்தியை நான் படித்தது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. மலையகத்துப் பெண்களும் கிழக்கிலங்கைப் பெண்களும் போகும் நாடுகளுக்கும் அவர்களை அனுப்பும் நாட்டுக்கும் இடையே தொழிலாளர் அமைப்புகள் நேருக்கு நேர் கைச்சாத்திட்ட அரிய தருணம் அது.

கட்டார் நாட்டின் கதை இன்னும் விரிவானது. 2022 உலகக் கிண்ணப் போட்டி அந்நாட்டுக்கு வழங்கப்பட்டதும் சர்வதேசத் தொழிற்சங்கங்கள் அந்த விளையாட்டரங்குகளை ஒரு நெம்புகோலாகப் பற்றிக்கொண்டன. 2014 இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதிகள் கட்டாருக்கு எதிராக முறையான முறைப்பாடொன்றைப் பதிந்தனர். மூன்றாண்டு இழுபறிக்குப் பின், 2017 நவம்பரில், சீர்திருத்த உடன்பாட்டின் பேரில் அது முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு தோகாவில் அத்தாபனத்தின் அலுவலகம் திறக்கப்பட்டது. வேலை மாறுவதற்கு முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி 2020 இல் நீக்கப்பட்டது. 2021 மார்ச் முதல் ஆயிரம் றியால் அடிப்படைச் சம்பளம் எல்லாத் தொழிலாளருக்கும், வீட்டுப் பணியாளர் உட்பட, குறைந்தபட்சமாயிற்று. சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் சமையலறைக்குள் வருவதற்கும் இடையிலுள்ள தூரம் வேறு விடயம். ஆயினும் உலகமே பார்க்கும் மைதானத்தைக் கட்டிய ஆண்களுக்குக் கிடைத்த வெளிச்சம், பூட்டிய வீட்டுக்குள் குழந்தைக்குப் பாலூட்டும் பெண்ணுக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை.

வீட்டுப் பணியாளருக்கான 189 ஆம் இலக்கச் சமவாயம் 2011 ஜூன் 16 ஆம் திகதி, ரிசானாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டுச் சரியாக நான்கு ஆண்டுகள் நிறைவுற்ற நாளில், ஜெனிவாவில் 396 வாக்குகளோடு நிறைவேறியது. தொடக்கத்தில் தயங்கிய வளைகுடா அரசுகளும் இறுதி வாக்கெடுப்பில் ஆதரித்தன. ஆதரித்த அரசுகளுள் எதுவும் அதைத் தம் நாட்டில் ஏற்புறுதி செய்யவில்லை. இலங்கையும் இந்தியாவும் செய்யவில்லை. பிலிப்பைன்ஸ் 2012 இலேயே செய்தது. எமிரேட்சில் வீட்டுப் பணியாளருக்கென 2017 இல் ஒரு சட்டம் வந்தது, 2022 இல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. வார விடுமுறையும் ஓய்வு நேரமும் சட்டத்தில் ஏறின.

இத்தகைய வலையமைப்புகளைப் பற்றி மயக்கமும் வேண்டாம். நட்சத்திர விடுதிகளில் நடக்கும் கருத்தரங்குகளில் நானும் அமர்ந்திருக்கிறேன். நிதி தரும் நாடு எதை விரும்புகிறதோ அதுவே அந்த ஆண்டின் தலைப்பு. நிதிக்காலம் முடிந்தால் தொலைபேசி இலக்கமும் முடிந்துவிடும். மூதூரிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ போன ஒரு பெண் அந்த மண்டபத்திற் பேசக் கண்டது மிக அரிது. பேசினாலும் கண்ணீர் சொல்ல அழைக்கப்படுவாளேயன்றித் தீர்மானம் எழுத அழைக்கப்படுவதில்லை. ஹொங்கொங் பணிப்பெண்கள் வென்றதற்குக் காரணம் அவர்களே செயலாளர்களாகவும் பொருளாளர்களாகவும் இருந்தமைதான். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. தவாத்மியில் ரிசானாவுக்கு ஞாயிறும் இல்லை, வெள்ளியும் இல்லை.

எனவே நம்மாற் கூடியது என்ன என்று எண்ணும்போது என் மனம் மீண்டும் அந்தக் காவல் நிலைய அறைக்கே போகிறது. சட்டத்தரணிக்குப் பெருந்தொகை வேண்டும். சமவாயத்துக்கு அரசுகள் வேண்டும். முதல் இரவில் தமிழையும் அரபையும் செவ்வனே அறிந்த ஒருவர் வேண்டும் என்பது அவ்வளவு பெரிய காரியமா? உலகில் அரபும் தமிழும் ஒரே நாவில் வாழ்ந்த ஊர்கள் உண்டு. காயல்பட்டினமும் கீழக்கரையும் பேருவளையும் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் மரபைப் பேணிய ஊர்கள். பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா 1973 முதல் இயங்குகிறது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்குமென ஒரு பீடமே உண்டு. ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளிவருவோர் வேலை தேடி அலைகிறார்கள். மறுபக்கம், ஐரோப்பாவிலும் கனடாவிலும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகச் சத்தியம் செய்து பணிபுரியும் எம்மவர் பலர். ஒரு சொல் பிசகினால் ஓர் அகதியின் விண்ணப்பம் எப்படி நிராகரிக்கப்படும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் அறியார்.

அவர்களை ஒரு பட்டியலிற் சேர்க்க வேண்டும். சட்டச் சொற்களில் ஒரு குறுகிய பயிற்சி கொடுக்க வேண்டும். அப்பட்டியலை றியாத், குவைத், அபுதாபி, தோகா தூதரகங்களின் தொழிலாளர் பிரிவுக்கும் ஆசியப் புலம்பெயர்ந்தோர் மன்றம் போன்ற அமைப்புகளுக்கும் கொடுத்துவைக்க வேண்டும். "கழுத்தைப் பிடித்தேன்" என்பதற்கும் "கழுத்தைத் தடவிக் கொடுத்தேன்" என்பதற்கும் அரபில் உள்ள வேறுபாட்டை அறிந்த ஒருவர் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தால், வாக்குமூலத்தின் முதல் வரி வேறாக எழுதப்படலாம்.

இந்த யோசனையை அண்மையில் கல்முனைப் பக்கத்து மௌலவி ஒருவரிடம் தொலைபேசியிற் சொன்னேன். வளைகுடாவில் எட்டாண்டு வாழ்ந்தவர். அரபில் பிழையின்றி எழுதக் கூடியவர். தன் பெயரை முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "சேர், புள்ள அங்க இறங்கின அண்டைக்கே ஃபோனப் பறிச்சு அலுமாரியில வெச்சுப் பூட்டிருவாங்க. எங்கட இலக்கத்த அவ எதுல எழுதி வெச்சிருப்பா?"